பீச் ரோட்டில் கடல் எங்கே? சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் கதை

"பீச் ரோடு என்கிறார்கள், ஹோட்டல் வாசலில் கடலையே காணோமே?" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் கடல் அங்கேதான் இருந்தது. ஆர்மீனியர்களான சர்க்கீஸ் சகோதரர்கள் 1887 டிசம்பர் 1ஆம் தேதி கடலைப் பார்த்த ஒரு பழைய பங்களாவில் வெறும் 10 அறைகளோடு தொடங்கியதுதான் இந்த ஹோட்டல். பங்களா அல்சாகாஃப் என்ற அரபு வணிகருடையது. பிறகு கடலை மண் போட்டு நிரப்பிக்கொண்டே போனார்கள். இன்று எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும் சன்டெக் சிட்டி வளாகம்கூட அப்படி வந்த நிலம்தான்.

நாம் பார்க்கும் வெள்ளை மாளிகை 1899இல் திறந்தது, கட்டடக் கலைஞர் பிட்வெல் வடிவமைத்தது. அப்போதே மின்விளக்கும் மின்விசிறியும் வந்துவிட்டன. அதற்கு முன் காற்று வேண்டுமென்றால் கூரையில் தொங்கும் துணி விசிறியின் கயிற்றை யாராவது இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கைகளை நினைக்காமல் என்னால் அந்தத் தாழ்வாரத்தில் நடக்க முடிவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்திருந்த காலத்தில் ஹோட்டலின் பெயர் 'சியோனான் ரியோகான்'. 1987இல் தேசிய நினைவுச்சின்னம்.

சிட்டி ஹால் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் நடைதூரம்தான். வாசலில் தலைப்பாகையோடு நிற்கும் சீக்கியக் காவலரையும் விசிறிபோல் விரிந்த விசிறிவாழையையும் பாருங்கள். ஹோட்டலின் சின்னமே அந்த மரம்தான்.