பைபிஐயில் உள்ள லைப்ரரியை டெபியனில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: தமிழ்ச் சொற்களைச் சந்தி பிரித்துத் தரும் பைதான் லைப்ரரி ஒன்றை எழுதி, பைதான் லைப்ரரிகளுக்கான பொது இணையக் களஞ்சியமான பைபிஐயில் ஏற்றியிருக்கிறேன். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கும் ஆசிரியர்கள் சிலர், பைதானின் நிறுவு கருவியான பிப் மூலம் நிறுவினால் பிழைச்செய்தி வருகிறது என்கிறார்கள். டெபியனின் சொந்த நிறுவு கருவியான ஆப்ட் வழியாகவே கிடைக்கும்படி டெபியன் களஞ்சியத்தில் சேர்க்க முடியுமா? லைப்ரரியோடு ஒரு சொற்பட்டியலும் ஒரு தமிழ் எழுத்துருவும் இருக்கின்றன.

பதில்: முடியும். ஆனால் அந்த ஆசிரியர்களின் சிக்கல் அதனால் உடனே தீராது. 2023இல் வந்த டெபியன் 12 முதல், கணினியின் சொந்தப் பைதானுக்குள் பிப் எதையும் நிறுவாதபடி தடுத்திருக்கிறார்கள். உங்கள் நிரலில் பிழை இல்லை. மேலும், வெளியாகிவிட்ட நிலைப் பதிப்பில் புதிய பொதிகளை (டெபியனில் நிறுவும் வடிவில் கட்டிய மென்பொருள்களை) சேர்ப்பதில்லை. உங்கள் லைப்ரரி அடுத்த பதிப்பில்தான் வரும், அல்லது புதிய பொதிகளை நிலைப் பதிப்புக்கு ஏற்பக் கட்டித் தரும் ‘பேக்போர்ட்ஸ்’ வழியாக வரவேண்டும். அதுவரை கணினியின் பைதானைத் தொடாத தனி மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் பிப்பை இயக்கச் சொல்லுங்கள்.

இனி டெபியனுக்கு வருவோம். பைபிஐயில் கணக்குத் தொடங்கினால் அன்றே ஏற்றிவிடலாம். உரிமத்தை யாரும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. டெபியனில் புதிய பொதி எதுவும் ‘நியூ’ வரிசையில் காத்திருக்கும். களஞ்சியப் பொறுப்பாளர்கள் அதைத் திறந்து பார்த்து, ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தில் வருகிறது என்று ஆராய்வார்கள். பொதிக்குள் ‘டெபியன்’ என்ற அடைவிலுள்ள ‘காப்பிரைட்’ கோப்பில் நீங்கள் எழுதியதும் உள்ளே இருப்பதும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

உங்கள் சொற்பட்டியல் எங்கிருந்து வந்தது? ‘இணையத்தில் கிடைத்தது’ என்பது உரிமம் ஆகாது. உரிமம் எதுவும் குறிப்பிடாத படைப்பின் எல்லா உரிமையும் ஆக்கியவருக்கே. ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற நிபந்தனை இருந்தாலும் டெபியனின் முதன்மைக் களஞ்சியம் ஏற்காது. தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்திருந்தால் கவலையில்லை; அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் ‘காப்பிரைட்’ கோப்பில் தனிப் பத்தியாகக் குறிப்பிடுங்கள். மூலம் தெரியாத பட்டியல் என்றால், தயங்காமல் தூக்கிவிட்டு வேறொன்றைத் தொகுப்பதே என் பரிந்துரை. எழுத்துருவையும் எடுத்துவிடுங்கள். ‘லோஹித் தமிழ்’ என்ற எழுத்துரு டெபியனில் தனிப் பொதியாகவே இருக்கிறது. உங்கள் பொதிக்குத் தேவையான மற்றப் பொதிகளைக் குறிக்கும் சார்புப் பட்டியலில் அதைச் சேர்த்தால் போதும்.

மற்றவை பழக்கத்தில் வந்துவிடும். இந்த லைப்ரரியை வேறு யாரும் பொதியாக்குகிறார்களா என்று பார்த்துவிட்டு, ‘நான் பொதியாக்கப் போகிறேன்’ என்று சொல்லும் ‘ஐடிபி’ அறிவிப்பைப் பிழைப்பதிவு அமைப்பில் இடுங்கள். இரும வடிவப் பொதியின் பெயர் ‘பைதான்3’ என்று தொடங்கி, ஒரு சிறுகோட்டுக்குப் பின் இறக்குமதி செய்யும் பெயரைத் தாங்கவேண்டும். கட்டமைப்பு வேலையைப் பைபில்ட் என்ற டெபியன் கருவி பார்த்துக்கொள்ளும். பொதியைக் கட்டும்போது இணையத்தைத் தொடக் கூடாது. சோதனைகள் ஏதேனும் தரவைப் பதிவிறக்கினால் அவற்றை மாற்றி எழுதுங்கள். தனிச் சூழலில் பொதி கட்டும் எஸ்பில்ட் கருவியில் கட்டி, பொதியைச் சோதிக்கும் லின்டியன் கருவி சொல்லும் குறைகளைச் சரிசெய்து, புதியவர்களின் பொதிகளைப் பார்வைக்கு வைக்கும் மென்டர்ஸ் தளத்தில் ஏற்றுங்கள்.

களஞ்சியத்தில் நேரடியாக ஏற்றும் உரிமை உங்களுக்கு இல்லாததால், டெபியன் உருவாக்குநர் ஒருவர் உங்கள் சார்பில் ஏற்றவேண்டும். தனியாக ஆள் தேடுவதைவிட டெபியன் பைதான் குழுவில் சேர்வது நல்லது. பொதியைப் பார்த்துத் திருத்தம் சொல்லவும் ஆட்கள் கிடைப்பார்கள். ‘நியூ’ வரிசையில் சில நாளும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம், நச்சரித்துப் பயனில்லை. ஏற்கப்பட்ட பிறகு மூலநிரலை மட்டும் இன்னொரு முறை ஏற்றவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைச் செய்யாவிட்டால் பொதி, புதியவை முதலில் வந்து சேரும் ‘அன்ஸ்டேபிள்’ பிரிவிலேயே தங்கிவிடும். செய்தால், பெரும் பிழை ஏதும் பதிவாகாதவரை வழக்கமாக 5 நாளில், அடுத்த நிலைப் பதிப்பாக உருவாகும் ‘டெஸ்டிங்’ பிரிவுக்குப் போகும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும் தன் வளர்ச்சிப் பதிப்புக்கு அன்ஸ்டேபிளிலிருந்தே பொதிகளை எடுத்துக்கொள்கிறது. அங்கே நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

பைதானின் புதிய பதிப்பு வந்து சோதனைகள் முறியும்போதெல்லாம் பிழையறிக்கை உங்களைத் தேடி வரும். அதற்கு நேரம் ஒதுக்க முடியாது என்றால் ‘ஐடிபி’ இடாதீர்கள். ‘யாராவது பொதியாக்குங்கள்’ என்று கேட்கும் ‘ஆர்எஃப்பி’ வேண்டுகோளை இட்டுவிட்டு, சொற்பட்டியலின் உரிமத்தை மட்டும் இப்போதே ஒழுங்குசெய்யுங்கள். எடுத்துச் செய்ய வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.