பொலாக் வலையில் சிக்கும் சால்மன்

கேள்வி: அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில், பொலாக் மீன் பிடிக்கும் கப்பல்களின் வலைகளில் சால்மன் மீன்களும் பெருமளவில் சிக்கி மடிகின்றனவாமே? அவற்றை உயிரோடு விட்டுவிட முடியாதா? கட்டுப்பாடு எதுவும் கிடையாதா?

பதில்: கட்டுப்பாடு உண்டு, ஆனால் அது போதாது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடத் தன் ஆற்றுக்கே திரும்பும் மீன். கடலில் பொலாக் கூட்டங்கள் திரியும் நீரிலேயே அதுவும் இரை தேடுவதால், கப்பல் இழுத்துச் செல்லும் மாபெரும் இழுவலை இரண்டையும் சேர்த்தே வாரிக்கொள்கிறது. டன் கணக்கான மீன்களின் எடையில் நசுங்கிச் செதில் உரிந்த சால்மன், கப்பல் தளத்துக்கு வரும்போது பெரும்பாலும் இறந்திருக்கும். ஆகவே வலைக்குள்ளிருந்தே தப்ப வழி செய்வதுதான் பயன் தரும். பொலாக்கைவிடச் சால்மன் நீரோட்டத்தை எதிர்த்து வலுவாக நீந்தும் என்பதால், அது வெளியேறுவதற்கென்றே வலையில் ஒரு திறப்பை அமைக்கிறார்கள். ஓரளவு மீன்கள் அதன் வழியே தப்பிவிடுகின்றன.

பிடிபட்ட சால்மனைக் கப்பல்காரர்கள் விற்க அமெரிக்க விதிகள் அனுமதிப்பதில்லை. ஆதாயம் கிடைத்தால் தவிர்க்கும் அக்கறையே எழாது என்பதால், இது நல்ல விதி என்றே கருதுகிறேன். உண்ணத் தகுந்தவற்றை உணவு வங்கிகளுக்கு நன்கொடையாக அளிக்கலாம். 2007-இல் சினூக் என்ற சால்மன் வகை மட்டுமே 1,20,000-க்கு மேல் சிக்கியது. அதன் விளைவாக 2011 முதல் ஆண்டுக்கு 60,000 என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. ஆறுகளில் சினூக் வரத்து குன்றிய ஆண்டுகளில் அது 45,000 ஆகக் குறையும் என்று 2016-இல் திருத்தினார்கள்.

ஆயினும் மொத்த எண்ணிக்கையைவிட, சிக்கிய மீன் எந்த ஆற்றுக்குரியது என்பதே முக்கியம். 2021-இல் சம் வகைச் சால்மன் ஐந்து லட்சத்துக்கும் மேல் சிக்கியபோது, அவ்வகைக்கு இத்தகைய உச்சவரம்பே இருக்கவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஆசியப் பகுதிகளைச் சேர்ந்தவை என்றும், மேற்கு அலாஸ்கா ஆறுகளுக்குரியவை சுமார் பத்தில் ஒரு பங்கே என்றும் மரபணு ஆய்வு காட்டியது. அந்தப் பங்கைச் சிறிது என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. அதே ஆண்டில், மேற்கு அலாஸ்காவில் கடலில் கலக்கும் யூக்கான் ஆற்றில் சம் வரத்து அடியோடு சரிந்து, தலைமுறை தலைமுறையாக அதை உண்டு வாழ்ந்த கரையோரப் பழங்குடி மக்கள் தங்கள் உணவுக்குக்கூடப் பிடிக்க முடியாமல் தவித்தார்கள். இச்சரிவுக்குக் கடல் வெப்பமே முதன்மைக் காரணம் என்று அறிவியலாளர் பலர் கருதுவது உண்மைதான். ஆனால் வெப்பத்தை ஓரிரு ஆண்டுகளில் தணிக்க முடியாது. வலையை எங்கே, எந்த மாதத்தில் வீசுவது என்பதை இன்றே மாற்றலாம். மேற்கு அலாஸ்கா மீன்கள் மிகுதியாகக் கடந்துசெல்லும் கோடைத் தொடக்கத்தில், அவற்றின் வழித்தடத்தில் இழுவலைக்குக் கடுமையான வரம்பு விதிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.