மூன்றாம் நாளே சாகும் பிராய்லர் குஞ்சுகள்

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் கொட்டகை போட்டு 500 பிராய்லர் குஞ்சு இறக்கினேன். மூன்றாம் நாளிலிருந்து தினமும் எட்டு, பத்து சாகிறது. வயிறு உப்பியிருக்கிறது, தொப்புள் ஈரமாக இருக்கிறது. கடையில் தந்த ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்தும் நிற்கவில்லை.

பதில்: முதல் வாரத்தில் நூற்றுக்கு ஒன்று போவது சாதாரணம். உங்களுக்குப் போவது அதைவிட எவ்வளவோ அதிகம், அதனால் தாமதிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி தொப்புள் அழற்சி மாதிரிதான் இருக்கிறது. குஞ்சு பொரியும்போது மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வரும், முதல் இரண்டு மூன்று நாளுக்கு அதுதான் அதற்குச் சோறு. தொப்புள் சரியாக மூடாத குஞ்சுக்கு அழுக்கு முட்டையிலிருந்தோ பொரிப்பகத் தட்டிலிருந்தோ ஈ.கோலை என்ற கிருமி உள்ளே போய்விட்டால் அந்தக் கரு செரிக்காமல் அழுகிவிடும். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் நாற்றத்தோடு தண்ணியாகக் கிடக்கும்.

அந்த மஞ்சள் கரு இருக்கும் பைக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் உங்களுக்குக் கேட்கவில்லை, வேறு மருந்து மாற்றிப் பார்க்கலாம் என்று தயவுசெய்து இறங்காதீர்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்தது எதுவும் வேண்டவே வேண்டாம், 2019-லேயே கோழிக்குத் தடை செய்தாகிவிட்டது. பின்பக்கத்தில் வெள்ளைக் கழிச்சல் சுண்ணாம்பு போல ஒட்டியிருந்தால் அது சால்மோனெல்லாவாக இருக்கலாம். அது தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே வருவது, பிழைத்த குஞ்சும் கிருமியைச் சுமக்கும்.

சரி, மிச்சக் குஞ்சுகளைக் காப்பாற்ற முதல் வேலை சூடு. நம்ம ஊர் சாரலில் ராத்திரி கரண்டும் போனால் குஞ்சு விறைத்துவிடும், விறைத்த குஞ்சுக்குக் கரு செரிக்காது. முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். ஒரு குஞ்சின் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் சூடு போதவில்லை. ஈர மரத்தூள் போட்டிருந்தால் இன்றே வாரிக் கொட்டுங்கள், அதில் பூஞ்சை பிடித்தால் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினம் இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். தொப்புள் புண்ணான குஞ்சைத் தனியே பிரித்துவிடுங்கள்.

இன்று செத்த நாலைந்து குஞ்சை ஐஸ் பெட்டியில் வைத்துப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். என்ன மருந்து, எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.