வேளச்சேரி டூ அம்பை: பழைய ஃப்ரிட்ஜயும் வாஷிங் மெஷினயும் கம்மி செலவுல கொண்டு போறது எப்படி?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. வேளச்சேரில மூணாவது மாடில வாடகைக்கு இருக்கோம், லிஃப்ட் கெடையாது. அடுத்த மாசம் காலி பண்ணிட்டு சொந்த ஊரு அம்பாசமுத்திரத்துக்கே போறோம். கட்டில், பீரோ எல்லாம் ஹவுஸ் ஓனரோடது. எங்க பெரிய சாமான்னு பாத்தா அஞ்சு வருசமான 240 லிட்டர் டபுள் டோர் ஃப்ரிட்ஜ், மூணு வருசமான 6.5 கிலோ ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி, அவ்ளோதான். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்ல கேட்டா 16,000 ரூபாயாம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, அதுக்கும் மேல இன்சூரன்ஸ்னு 3 பர்சன்ட். பழைய சாமானுக்கு இவ்ளோ குடுக்கணுமா, இல்ல எல்லாத்தயும் வித்துட்டு ஊர்ல புதுசா வாங்கிக்கலாமா?

பதில்: தம்பி, அந்த 16,000 எங்க போகுதுன்னு மொதல்ல பாருங்க. சென்னைலேருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல இருக்கும், ஆனா அந்த தூரத்துக்கு ஆகற காசு கம்மிதான், ராத்திரியானா லாரி லாரியா அந்த ரோட்லதான் போகுது, உங்க ஃப்ரிட்ஜ் அதுல ஒரு மூலைல நிக்கப்போகுது. காசு கரையறது ரெண்டு முனைலயும்தான். மூணாவது மாடிலேருந்து எறக்கற கூலி, பேக்கிங், அங்கேருந்து குடோன் வரைக்கும் ஒரு வண்டி, ஊர்ல மறுபடி ஒரு வண்டி, மறுபடி கூலி. இந்த ரெண்டு முனைய நீங்களே பாத்துக்கிட்டா பில்லு பாதிக்கும் கீழ வந்துரும்.

விக்கறதா வேணாமாங்கறதுக்கு என் கணக்கு இதுதான். ஊர்ல புதுசு வாங்க எவ்ளோ ஆகும், அதுலேருந்து இங்க வித்தா கெடைக்கறத கழிங்க, மிச்சம் வர்ற தொகையயும் கொண்டு போற செலவயும் பக்கத்துல வெச்சு பாருங்க. அஞ்சு வருச ஃப்ரிட்ஜ விக்கப்போனா அடிமாட்டு விலைதான் கேப்பான், புதுசுக்கோ முழு விலை குடுக்கணும், அதனால நல்லா ஓடற ஃப்ரிட்ஜ், மெஷின் ரெண்டயும் கொண்டு போறதுதான் லாபம். பேட்டரி மட்டும் நேர் எதிர். உள்ள இருக்கற ஈயத்துக்கே விலை உண்டு, எந்த பேட்டரி கடைலயும் பழச எடுத்துக்கிட்டு புதுசுல கழிச்சுப்பாங்க, ஆசிட் தளும்பற அந்த கல்லுக்கனத்த பார்சல்காரன் பாதி பேர் தொடவே மாட்டான். அத இங்கயே குடுத்துருங்க.

இப்ப ஃப்ரிட்ஜுக்கு வருவோம். இது பார்சல் லாரிலதான் போகணும், நின்னபடியேதான் போகணும். ஆம்னி பஸ் டிக்கில போட்டுக்கலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க, டிக்கி உயரத்துக்கு ஃப்ரிட்ஜ் நிக்காது, படுக்கத்தான் போடுவாங்க. படுக்க போட்டா கம்ப்ரஸருக்குள்ள இருக்கற ஆயில் பைப்புக்குள்ள ஓடிரும். நான் ஒரு தடவ இந்த தப்ப பண்ணேன், காலைல வந்து எறங்குச்சு, அன்னிக்கு வீட்ல விருந்தாளி வேற, மத்தியானமே ப்ளக்க மாட்டிட்டேன், கர்ருனு ஒரு சத்தம், அப்புறம் பொட்டிக்குள்ள விளக்கு மட்டும்தான் எரிஞ்சுது. கம்ப்ரஸர் மாத்தின காசுல ஒரு வண்டியே தனியா பேசிருக்கலாம். வழில எங்கயாச்சும் சாச்சிருப்பாங்களோன்னு சந்தேகம் வந்தா ஒரு நாள் முழுக்க சும்மா நிக்க வெச்சுட்டு அப்புறமா ஆன் பண்ணுங்க, அதுக்குள்ள ஆயில் கீழ எறங்கிரும்.

ரெண்டு நாள் முன்னாடியே ஆஃப் பண்ணி கதவ தெறந்து போட்டுருங்க. ஃப்ரீசர் ஐஸ் உருகி பின்னாடி கம்ப்ரஸர் மேல இருக்கற சின்ன ட்ரேல தண்ணி சேரும், அத நெறைய பேர் மறந்துருவாங்க, லாரில அது அடுத்தவன் சாமான் மேல கொட்டும். கண்ணாடி தட்டு எல்லாத்தயும் கழட்டி பழைய வேட்டில சுத்தி துணிமூட்டையோட கொண்டு போங்க. கதவுல பிரவுன் டேப்ப நேரா ஒட்டாதீங்க, உரிக்கும்போது கோந்து பெயின்ட்லயே தங்கிரும், ஒரு பெட்ஷீட்ட சுத்தி அதுக்கு மேல கயிறு கட்டுங்க. அதுக்கு மேல அட்டை, நாலு மூலைக்கும் தெர்மாகோல், கடைசில சணல் சாக்கு. பழைய டிவி அட்டைப்பெட்டி ரெண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைல கேட்டா சும்மாவே தருவாங்க. நாலு பக்கமும் மேல பாத்த மாதிரி பெருசா அம்புக்குறி போட்டு “நிக்க வெக்கவும்”னு எழுதுங்க, ஹிந்திலயும் யார்கிட்டயாச்சும் எழுதி வாங்கிக்கோங்க, இப்ப குடோன்ல லோடு ஏத்தறவங்கள்ல நெறைய பேர் வடக்கத்தி பசங்க.

பார்சல் ஆபீஸ்ல மூணு கேளுங்க. அம்பைல பிராஞ்ச் இருக்கா இல்ல நெல்லை குடோன்லதான் எடுக்கணுமா, லோடிங் அன்லோடிங் கூலி பில்லுக்குள்ளயா தனியா, எத்தன நாளுக்குள்ள எடுக்கலன்னா டெமரேஜ்னு தாமத கட்டணம் போடுவாங்க. குடோன் டெலிவரின்னே போடுங்க, டோர் டெலிவரிக்கு அவங்க கேக்கற காச விட நெல்லைலேருந்து ஒரு குட்டி யானைய நீங்களே பேசறது பெரும்பாலும் கம்மியா இருக்கும்.

வாஷிங் மெஷினுக்கு நான் சொல்றது ரயிலு. ஏன் ஃப்ரிட்ஜ சொல்லலன்னா ரயில்வேல ஒரு கணக்கு இருக்கு, 100 செ.மீ.க்கு 100 செ.மீ.க்கு 70 செ.மீ.ங்கற அளவ தாண்டினாலோ 100 கிலோவ தாண்டினாலோ பெருஞ்சாமான்னு ரெட்டை கட்டணம் போட்டுருவாங்க. டபுள் டோர் ஃப்ரிட்ஜ் உயரத்துலயே அடிபட்டுரும். உங்க மெஷின் உயரம் 85 செ.மீ. பக்கம், அகலம் 60, ஆழம் அதுக்கும் கம்மி, எடை 60 கிலோ சொச்சம் இருக்கும், ஒழுங்கா உள்ள அடங்கிரும். பேக்கிங்க மட்டும் ரொம்ப தடிமனாக்கிராதீங்க. நீங்க எப்படியும் ஊருக்கு போகத்தானே போறீங்க, நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டு, அந்த டிக்கெட்ட காமிச்சு எழும்பூர் பார்சல் ஆபீஸ்ல லக்கேஜா புக் பண்ணுங்க, அதே வண்டியோட பிரேக் வேன்ல, அதாவது சாமான் ஏத்தற பெட்டில வரும். டிக்கெட் இல்லாம பார்சலா போட்டா எடம் இருக்கற வண்டிலதான் ஏத்துவாங்க, என்னிக்கு வரும்னு காத்துக்கிட்டு கெடக்கணும். எடை போடணும், லேபிள் ஒட்டணும், க்யூ வேற, அதனால வண்டி கெளம்ப மூணு மணி நேரம் முன்னாடியே போயிருங்க. நெல்லைல கடைசி ஸ்டாப்புங்கறதால எறக்கறதுக்கு அவசரம் இருக்காது, ரசீத காமிச்சு உடனே எடுத்துருங்க, விட்டு வெச்சா வார்ஃபேஜ்னு தாமத கட்டணம் ஏறும்.

ஃப்ரண்ட் லோடுக்கு உயிரே ட்ரான்சிட் போல்ட்டுதான். புதுசா வந்தப்ப பின்பக்கம் நீளமா மூணு நாலு போல்ட்ட கழட்டி மெக்கானிக் உங்க கைல குடுத்துருப்பாரு, நீங்களும் எதுக்குன்னு தெரியாம எங்கயோ போட்டுருப்பீங்க. அத தேடி எடுங்க, இல்லன்னா சர்வீஸ் சென்டர்ல அந்த மாடல் நம்பர சொல்லி வாங்குங்க. உள்ள ட்ரம்மு ஸ்பிரிங்குலதான் தொங்குது, அதோட சேத்து ஒரு காங்கிரீட் கட்டியும் இருக்கு, போல்ட்டு இல்லாம 600 கிலோமீட்டர் குலுங்கினா ஷாக் அப்சார்பர் போயிரும். என் மாமியார் வீட்டு மெஷின் அப்படி வந்துதான், ஸ்பின் போட்டதும் தட தடன்னு நடந்து பாத்ரூம் வாசலுக்கே வந்து நின்னுச்சு. ஊர்ல ஓட்டறதுக்கு முன்னாடி போல்ட்ட கழட்டவும் மறக்காதீங்க, கழட்டலன்னாலும் இதே கூத்துதான். கெளம்பறதுக்கு முன்னாடி கீழ சின்ன கதவுக்குள்ள இருக்கற ஃபில்டர தெறந்து தண்ணிய வடிச்சிருங்க, ஒரு சொம்பு தண்ணியாச்சும் வரும்.

இன்னொரு வழியும் இருக்கு, ரிட்டன் லோடு. கோயம்பேட்டுக்கு தெக்கேருந்து வாழைத்தாரோ காய்கறியோ ஏத்திட்டு வர்ற வண்டி எறக்கிட்டு காலியா திரும்பும்போது, டீசலுக்கு ஆகட்டும்னு சல்லிசா ஏத்திப்பாங்க. தெரிஞ்ச ட்ரைவர் இருந்தா இத விட சீப் எதுவும் கெடையாது. தெரியாதவங்கன்னா ஆர்சி புக்கயும் லைசென்சயும் போட்டோ எடுத்துக்கோங்க, முழு வாடகைய ஊர்ல எறக்கினப்புறம் குடுங்க.

அந்த 3 பர்சன்ட் இன்சூரன்ஸ் கதைக்கு வர்றேன். அது வாடகைல 3 இல்ல, சாமான் மதிப்புல 3. இன்சூரன்ஸ் கம்பெனி பேரு, பாலிசி நம்பரோட காயிதம் தருவீங்களான்னு கேளுங்க. தராம “எங்க பில்லுலயே கவர் ஆகுது சார்”னா அந்த காசு அவங்க பாக்கெட்டுக்குத்தான் போகுது.

கேள்வி: பெங்களூருல ஒருத்தர்கிட்ட பழைய வாஷிங் மெஷின் 7,000 ரூபாய்க்கு வாங்கிருக்கேன், சேலத்துக்கு கொண்டு வரணும். சரக்கோட போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு, அந்த இ-வே பில் வேணுமா, ஓசூர்ல பிடிப்பாங்களா?

பதில்: வேணாம். பயன்படுத்தின வீட்டு சாமானுக்கு இ-வே பில் விலக்கு இருக்கு, அது போக மாநிலம் விட்டு மாநிலம் போறதுக்கு 50,000 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாதான் அந்த பேச்சே வரும். ஆனா ட்ரைவர் கைல ஒரு காயிதம் இருக்கட்டும், “பயன்படுத்திய வீட்டு உபயோகப் பொருள், விற்பனைக்கு அல்ல”ன்னு எழுதி மாடல், சீரியல் நம்பர் போட்டு, உங்க ஆதார் ஜெராக்ஸ சேத்து குடுங்க. வித்தவர்கிட்ட பழைய பில்லு இருந்தா அதயும் வாங்கிருங்க, திருட்டு சாமான் இல்லன்னு காட்ட உங்களுக்கே நாளைக்கு உதவும்.

கேள்வி: பார்சல் சர்வீஸ்ல அனுப்பின ஃப்ரிட்ஜ் கதவு நசுங்கி வந்துச்சு. கேட்டா “ஓனர்ஸ் ரிஸ்க்”னு, அதாவது சேதமானா சாமான்காரர் பொறுப்புன்னு, ரசீதுல சீல் இருக்கு பாருங்கங்கறாங்க. ஒண்ணும் பண்ண முடியாதா?

பதில்: முடியும், ஆனா எவ்ளோ கெடைக்கும்ங்கறது நீங்க புக் பண்ணப்பவே முடிவாகிருச்சு. 2007 ரோடு சரக்கு போக்குவரத்து சட்டமும் அதோட 2011 விதியும் சொல்றது என்னன்னா, சாமான் மதிப்ப தனியா எழுதி குடுக்கலன்னா அவங்க பொறுப்பு வாடகைல பத்து மடங்கு வரைக்கும்தான். வாடகை 900 ரூபாய்னா அதிகபட்சம் 9,000. அதனாலதான் புக் பண்ணும்போதே மதிப்ப எல்.ஆர்.ல, அதாவது லாரி ரசீதுல எழுத சொல்லுங்கன்னு நான் தொண்ட கிழிய கத்தறது. கொஞ்சம் கூட காசு கேப்பாங்க, குடுங்க.

உங்க விஷயத்துல மொதல்ல செய்ய வேண்டியது எழுத்துல நோட்டீஸ், புக் பண்ண தேதிலேருந்து 180 நாளுக்குள்ள போகணும், ஸ்பீட் போஸ்ட்ல, ரிஜிஸ்ட்ரேஷனோட அனுப்புங்க. போன்ல பேசினதெல்லாம் கணக்குல வராது. அப்புறம் 1915ங்கற நம்பருக்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுங்க, அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எங்க இருந்தாலும் நீங்க இருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கெடையாது. டெலிவரி எடுக்கும்போது அவங்க நீட்டின பேப்பர்ல “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்”னு இருந்து அதுல கையெழுத்து போட்டுட்டீங்களான்னு தெரியல, போட்டிருந்தா கொஞ்சம் கஷ்டம். அங்க நின்னுக்கிட்டே சாக்க பிரிச்சு போட்டோ எடுத்து, “கதவு நசுங்கியுள்ளது”ன்னு எழுதிட்டுதான் கையெழுத்து போட்டிருக்கணும். குடோன்காரன் அவசரப்படுத்துவான், பின்னாடி வண்டி ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.