அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் 2021 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில்) பெனே சூவலை விட்டுவிட்டு ஜமார் சேஸை எடுத்தது சின்சினாட்டி பெங்கால்ஸ் செய்த தவறா?

இல்லை. ஐந்தாவது பிக்கில், அதாவது ஐந்தாவது தேர்வு முறையில், சேஸை எடுத்தது சரியான முடிவு. தவறு நடந்தது மறுநாள், இரண்டாம் சுற்றில். அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அன்றைய நிலைமை இதுதான். 2020 டிராஃப்டின் முதல் பிக்கில் வந்த, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஜோ பரோ, பத்தே ஆட்டங்களில் 32 முறை சாக் ஆனார், அதாவது வீசுவதற்குள் எதிரணியால் வீழ்த்தப்பட்டார். நவம்பரில் வாஷிங்டனில் நடந்த ஆட்டத்தில் இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்து அவருடைய சீசன் முடிந்தது. அணி 4 வெற்றி, 11 தோல்வி, 1 டிரா. அறுவை சிகிச்சை முடிந்து நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் குவார்ட்டர்பேக்கைப் பார்க்கும் ரசிகன் 'முதலில் அவரைக் காப்பாற்றுங்கள்' என்று சொல்வது நியாயம்தான். சூவலும் சாதாரண ஆள் இல்லை. ஒரிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2019ல் அவுட்லேண்ட் விருது வாங்கிய டேக்கிள், அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐவர் லைனில் ஓரத்தில் நிற்பவர். சேஸ் அதே 2019ல் எல்.எஸ்.யூ.வில் (லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) பரோ வீசிய பந்துகளைப் பிடித்து 1,780 யார்டும் 20 டச்டவுனும் எடுத்த வைட் ரிசீவர். 2020 கல்லூரி சீசனில் இருவருமே ஆடவில்லை. ஆக, ஓராண்டு ஆடாத இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேவைப் பட்டியல் போடும்போது பெரும்பாலோர் 'எங்கே ஓட்டை பெரிது?' என்று மட்டும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி மார்ச் மாதத்துக்கு உரியது. மார்ச் நடுவில் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எடுக்கும் சந்தை) திறக்கிறது, டிராஃப்ட் நடப்பது ஏப்ரல் கடைசியில். ஓட்டைகளை முடிந்தவரை மார்ச்சிலேயே, சுமாரான ஆளை வைத்தாவது அடைத்துவிட வேண்டும். அப்போதுதான் ஏப்ரலில் கை கட்டப்படாமல் தேர்வு செய்யலாம். பெங்கால்ஸ் இதைப் பாதி செய்தது. ரைட் டேக்கிள் இடத்துக்கு ரைலி ரீஃபை ஓராண்டு ஒப்பந்தத்தில், 75 லட்சம் டாலருக்குக் கொண்டுவந்தார்கள். லெஃப்ட் டேக்கிளில் 2019ன் முதல் சுற்றுத் தேர்வு ஜோனா வில்லியம்ஸ் இருந்தார். எட்ஜில், அதாவது எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வெளிப்புறத்திலிருந்து தாக்கும் டிஃபென்ஸ் இடத்தில், கார்ல் லாசன் போனதும் ட்ரே ஹெண்ட்ரிக்சனை எடுத்தார்கள். ஆனால் லைனின் நடுப்பகுதியை, அதாவது இரு கார்டுகளையும் சென்டரையும், ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டார்கள். சூவல் வந்திருந்தாலும் அவர் டேக்கிள். அந்த ஓட்டை அப்படியே இருந்திருக்கும்.

ஏப்ரலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வீரனை இப்போது விட்டால், என் அடுத்த பிக்கில் அதே பொசிஷனில் யார் மிஞ்சுவார்? இரண்டுக்கும் இடையே சரிவு எவ்வளவு? இதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்காமல் விவாதிப்பது வீண்.

எழுதிப் பார்ப்போம். பெங்கால்ஸின் அடுத்த பிக் 38. முதல் வழியில் 5ல் சூவல், 38ல் ரிசீவர். அந்தப் பகுதியில் போன ரிசீவர்கள்: 34ல் இலைஜா மூர், 49ல் ராண்டேல் மூர், 56ல் டிவெய்ன் எஸ்க்ரிட்ஜ், 57ல் டூட்டூ ஆட்வெல், 59ல் டெரஸ் மார்ஷல். இரண்டாவது வழியில் 5ல் சேஸ், 38ல் லைன்மேன். அங்கே 39ல் டெவன் ஜென்கின்ஸ், 42ல் லியம் ஐகன்பர்க், 45ல் வாக்கர் லிட்டில், 51ல் சாமுவேல் காஸ்மி, 63ல் சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரி. இரண்டாம் சுற்று லைன்மேன்களில் பல ஆண்டு தொடக்க ஆட்டக்காரர்களாக நின்றவர்கள் உண்டு. அந்த ரிசீவர் பட்டியலில் சேஸின் பக்கத்தில் வைக்கக்கூடிய ஒருவர்கூட இல்லை. டிராஃப்டுக்கு முன்பே அந்த ஆண்டு லைன்மேன் சரக்கு ஆழமானது என்று எல்லா அணிகளுக்கும் தெரியும். எனவே முதல் பிக்கில் ரிசீவர், அடுத்த பிக்கில் லைன் என்ற வரிசை திட்டமாக மிகச் சரியானது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. டெட்ராய்ட் லயன்ஸ் ஏழாவது பிக்கில் சூவலையும் 112ல் அமோன்-ரா செயின்ட் பிரவுனையும் எடுத்தது. பெங்கால்ஸ் அதற்கு ஒரு இடம் முன்னால், 111ல், எட்ஜ் வீரர் கேம் சாம்பிளை எடுத்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் செயின்ட் பிரவுனுக்கு முன் 16 ரிசீவர்கள் போயிருந்தார்கள். லயன்ஸே அவரைவிட்டு நான்கு முறை வேறு ஆளை எடுத்திருந்தது. நான்காம் சுற்றில் இப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பி முதல் சுற்றை யாரும் திட்டமிட முடியாது.

சரி, 38ல் என்ன நடந்தது? அதை நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்து 46, 122, 139 மூன்றையும் வாங்கினார்கள். பிக்குகளை எடைபோடும், பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்துப் பழைய மதிப்புப் பட்டியலில் 38க்கு 520 புள்ளி. 440, 50, 36.5 சேர்ந்தால் 526.5. கணக்கில் நஷ்டம் இல்லை. ஆனால் கீழே இறங்கிய எட்டு இடங்களுக்குள் ஜென்கின்ஸ், ஐகன்பர்க், லிட்டில் மூவரும் போய்விட்டார்கள். 46ல் கிளெம்சனின் ஜாக்சன் கார்மனை எடுத்தார்கள். அங்கே லெஃப்ட் டேக்கிளாக ஆடியவரை இங்கே கார்டாக மாற்ற நினைத்தார்கள்.

இந்த இடமாற்றம் வெளியிலிருந்து பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். டேக்கிள் பின்னோக்கிச் சரிந்து, வெளியிலிருந்து சுற்றி வருபவனை இடைவெளி கொடுத்து வாங்குகிறார். கார்டுக்கு அந்த இடைவெளி கிடையாது. பந்து நகர்ந்த நொடியிலேயே 300 பவுண்டு ஆள் மார்பில் வந்து விழுவான். கூடவே ஸ்டண்ட் வரும்: எதிரணியின் இருவர் ஒருவருக்கொருவர் இடம் மாறி நுழைவார்கள். சென்டரிடமும் டேக்கிளிடமும் யார் யாரைப் பிடிப்பது என்று அந்தக் கணத்தில் கைமாற்றத் தெரிய வேண்டும். புது வீரனுக்கு முதல் ஆண்டிலேயே இது படிவது அரிது. சீசன் தொடக்கத்தில் ரைட் கார்டில் நின்றவர் சேவியர் சுவா-ஃபிலோ, பிறகு கார்மன், பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்றில்) ஹகீம் அடெனிஜி. ஒரே இடத்தில் மூவர். ஆண்டு முடிவில் ரீஃபும் கணுக்கால் காயத்தில் வெளியேற, ரைட் டேக்கிளில் ஐசேயா பிரின்ஸ் நின்றார். சூவல் இருந்திருந்தால் இந்த ஓர் இடம் மட்டும் நிச்சயம் மாறியிருக்கும். அதை மறுக்க மாட்டேன்.

விளைவு எல்லோருக்கும் தெரிந்ததே. வழக்கமான சீசனில் பரோ 51 சாக், லீகிலேயே அதிகம். பிளேஆஃபில் 19, அதில் டென்னசி ஆட்டத்தில் மட்டும் 9, இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 7. டென்னசி ஆட்டத்தில் மூன்று சாக் எடுத்த ஜெஃப்ரி சிம்மன்ஸும், சூப்பர் பவுலில் பெங்கால்ஸின் கடைசி முயற்சியில் பரோவைச் சுற்றி வளைத்த ஏரன் டானல்டும் லைனின் உட்புறத்தில் நிற்பவர்கள். டேக்கிளால் தடுக்க முடியாத திசை அது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அதே ஆண்டு பரோவின் ஒரு வீச்சுக்கான சராசரி 6.7 யார்டிலிருந்து 8.9க்கு ஏறியது, லீகில் முதலிடம். அணி எடுத்த புள்ளிகள் 311லிருந்து 460. சேஸ் 1,455 யார்ட், 13 டச்டவுன். 4 வெற்றி பெற்ற அணி 23-20 என்ற கணக்கில் சூப்பர் பவுலைத் தோற்கும் தூரம்வரை போனது. இத்தனை சாக்கோடும்!

லைனை எப்படிக் கட்டலாம் என்பதற்கு அதே ஆண்டின் கேன்சஸ் சிட்டி அணி நல்ல பாடம். 2021 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் 31-9 என்று நொறுங்கியபின், அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்குள் ஐந்து இடங்களிலும் புது ஆட்கள். ஜோ தூனி ஃப்ரீ ஏஜென்சியில்; ஆர்லாண்டோ பிரவுன் பால்டிமோரிடமிருந்து முதல் சுற்றுப் பிக் உட்பட கொடுத்து; ஹம்ஃப்ரி 63ல்; ட்ரே ஸ்மித் ஆறாம் சுற்றில் 226ல்; லூகாஸ் நியாங் முந்தைய ஆண்டின் மூன்றாம் சுற்று. லைனுக்கு இத்தனை வாசல்கள் உண்டு. சேஸ் தரத்து ரிசீவருக்கு டிராஃப்டின் உச்சியைத் தவிர வேறு வாசல் அபூர்வம். சந்தையில் வந்தால் விலை தாங்காது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். புது வீரர் சம்பளம் பொசிஷனைப் பொறுத்ததல்ல, பிக் எண்ணைப் பொறுத்தது. ஐந்தாவது பிக்குக்கு நான்காண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர்தான், ரிசீவராக இருந்தாலும் டேக்கிளாக இருந்தாலும். பிற்பாடு 2024ல் சூவல் நான்காண்டுக்கு 11.2 கோடி டாலருக்கு நீட்டித்தார், 2025ல் சேஸ் நான்காண்டுக்கு 16.1 கோடிக்கு. அந்த முதல் ஒப்பந்தக் காலத்தில் சேஸால் அணிக்கு மிச்சமானது அதிகம். அதே கணக்கின் மறுபக்கம் இப்போது வலிக்கிறது: பரோ, சேஸ், இன்னொரு ரிசீவர் ஹிகின்ஸ் மூவரின் ஆண்டுச் சராசரி கூட்டினால் 12.4 கோடி டாலர். 2025ன் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி. சராசரியும் ஒவ்வோராண்டும் உச்சவரம்பில் விழும் தொகையும் ஒன்றல்ல என்றாலும், நெருக்கடி எவ்வளவு என்று புரியும்.

இப்படிப்பட்ட அணி மலிவான ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் டிஃபென்ஸ் வீரர்களை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். 2022, 2023 டிராஃப்டுகளில் முதல் மூன்று சுற்றுகளின் ஆறு பிக்குகளையும் பெங்கால்ஸ் டிஃபென்ஸுக்கே செலவழித்தது: டாக்ஸ் ஹில், கேம் டெய்லர்-பிரிட், சாக்கரி கார்ட்டர், மைல்ஸ் மர்ஃபி, டி.ஜே. டர்னர், ஜோர்டன் பேட்டில். பொசிஷன் தேர்வில் குறை சொல்ல முடியாது, தேவை உண்மையானதுதான். ஆனால் 2024ல் பரோ 43 டச்டவுன் வீசி, சேஸ் கேட்ச், யார்ட், டச்டவுன் மூன்றிலும் லீகில் முதலிடம் பிடித்தும் அணி 9-8 என்று பிளேஆஃபுக்கு வெளியே நின்றதற்கு, அந்த டிஃபென்ஸ் புள்ளிகளை வாரி வழங்கியதே முதல் காரணம். பெங்கால்ஸ் ஏன் இன்னும் கோப்பை வெல்லவில்லை என்று தேடுபவர்கள் அந்த ஆறு பெயர்களிலிருந்தும் 46வது பிக்கிலிருந்தும் தொடங்கட்டும்.