ரெண்டு வாளி தண்ணி

அண்ணா வணக்கம். வேலைல சேந்து முதல் தடவையா 12 நாள் லீவு சேத்து வெச்சிருக்கேன், பேக்பேக் மாட்டிட்டு தனியா இலங்கைக்கு கிளம்பப் போறேன். சிகிரியா, எல்ல, மிரிஸ்ஸ எல்லாம் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், எல்லாரும் அங்கதான் போறாங்க. வடக்கும் கிழக்கும் சுத்தணும். கைல காசு கம்மி. "நாமதான் தமிழ் பேசுறோமே, வீட்லயே தங்க வெச்சு சாப்பாடும் போடுவாங்க, ரூமுக்கு செலவே ஆகாது"ன்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றான், அவன் அப்படித்தான் சுத்திட்டு வந்தானாம். இதை நம்பி பிளான் போடலாமா?
- ர.

தம்பி ர.,

உங்க ஃப்ரெண்டு சொன்னது பொய் இல்ல. தங்க வெப்பாங்க, சாப்பாடும் போடுவாங்க. அதனாலயேதான் அதை நம்பி பிளான் போடாதீங்கன்னு சொல்றேன்.

2023 ஆகஸ்ட்ல நான் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துல கடல்ல இருக்கற நெடுந்தீவுக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டுல காலைல 776ஆம் நம்பர் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, ரெண்டு பக்கமும் கடலைப் பாத்துகிட்டே போய் குறிகட்டுவான் படகுத்துறைல இறங்கினா கூட்டம் மொத்தமும் நயினாதீவுக்கு போகுது, அம்மன் கோயிலும் விகாரையும் அங்க இருக்கறதால. நெடுந்தீவு படகுல ஊர்க்காரங்கதான், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மருந்து வாங்கப் போயிட்டு திரும்பற வயசானவங்க. பகல்ல சுத்திட்டு மதியப் படகுல திரும்பிடலாம்னு ரூம் எதுவும் பாக்காமலேயே போனேன். மதியம் சோளகக் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, தூக்கிடுச்சு, படகு ஓடலன்னு சொல்லிட்டாங்க. துறைமுகத்துல முழிச்சுகிட்டு நின்ன என்னை ஒரு ஆச்சி பாத்துட்டு, "தம்பி, எங்கட வீட்ட வாங்கோ, நாளைக்கு காலமை போகலாம்"னு கூட்டிட்டுப் போனாங்க.

பிட்டும் மீன் குழம்பும் போட்டாங்க. அன்னிக்கு முழுக்க வெயில்ல அலைஞ்சிருந்தேன், குளிக்கவான்னு கேட்டேன், "ஓம், குளியுங்கோ"ன்னு வாளியைக் காட்டினாங்க, ரெண்டு வாளி நிறைய ஊத்திக் குளிச்சேன், இன்னொரு அரை வாளில சட்டையையும் அலசிப் போட்டேன். மறுநாள் விடியக்காலைல முழிப்பு வந்து வெளிய வந்து பாத்தா அந்த வீட்டுப் பையன் சைக்கிள் கேரியர்ல ரெண்டு பக்கமும் கேன் கட்டி தண்ணி ஏத்திட்டு வந்துகிட்டிருக்கான், ஸ்கூல் போறதுக்கு முன்னாடி அது அவனுக்கு ரெண்டாவது நடையாம். நெடுந்தீவுல நல்ல தண்ணி அவ்வளவு அரிது. நிறைய கிணறு உப்பு, கோடைல அங்க திரியற காட்டுக் குதிரைங்களே தண்ணிக்கு அலையும். இது எனக்கு படிச்சு தெரிஞ்ச விஷயந்தான், ஆனா வாளியைத் தூக்கும்போது ஞாபகம் வரல. அவங்க முகத்துல ஒரு சுளிப்பு கூட இல்ல. இன்னி வரைக்கும் எனக்கு அது உறுத்துது.

காசு குடுத்தா கோவிச்சுக்குவாங்கன்னு தெரியும். படகுல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு ஐயாகிட்ட கேட்டேன், "காசு குடாதேங்கோ, பால்மாவும் சீனியும் வாங்கி அனுப்பி விடுங்கோ"ன்னார். பால்மான்னா பால் பவுடர். குறிகட்டுவான்ல இறங்கி கடைல வாங்கி அடுத்த படகுலயே குடுத்தனுப்பினேன். பால்மா என்ன விலைன்னு அப்பத்தான் பாத்தேன். 2022ல அந்த நாடு கடனைக் கட்ட முடியாம நின்னப்போ விலைவாசி ஒரே வருஷத்துல 70 சதவீதம் வரைக்கும் ஏறுச்சு, ஏறின விலை பெரும்பாலும் அப்படியேதான் நின்னுச்சு. அந்த விலைக்கு வாங்கிச் சமைக்கிற வீட்ல நாம பத்து நாள் ஓசில உக்காந்தா நம்ம ரூம் வாடகையை யாரு கட்டறாங்கன்னு யோசிங்க.

அப்போ செலவை எங்க குறைக்கிறதுன்னா, நகர்றதுலதான். தினம் ஒரு ஊர் மாத்தாதீங்க. 12 நாள்ல யாழ்ப்பாணத்துல அஞ்சு ராத்திரி ஒரே கெஸ்ட் ஹவுஸ், சேந்தாப்புல தங்கறேன்னா அவங்களே குறைச்சு சொல்லுவாங்க, நல்லூர் திருவிழா நடக்கற 25 நாளை மட்டும் தவிர்த்துடுங்க, ரூம் கிடைக்கறதே கஷ்டம். அங்க இருந்து பருத்தித்துறை, ஊர்காவற்துறை எல்லாம் சிவப்பு சிடிபி பஸ்ல, அதாவது அரசாங்க பஸ்ல, போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம், டிக்கெட் ரொம்பக் கம்மி. ஆட்டோ பிடிச்சீங்கன்னா ஒரே நாள்ல பட்ஜெட் காலி. பஸ்ல ஏறினதும் கண்டக்டர்கிட்ட முதல் கேள்வியா திரும்பி வர கடைசி பஸ் எப்போன்னு கேட்டுடுங்க, சின்ன ஊர்ல இருட்டறதுக்குள்ள பஸ் நின்னுடும்.

சாப்பாட்டுக்கு சைவக் கடை போதும். டீ குடிக்க உக்காந்தா ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், பணிஸ்னு நீங்க கேக்காமலேயே கொண்டு வந்து வெப்பாங்க, பயப்படாதீங்க, எடுத்துத் தின்னதுக்கு மட்டும்தான் காசு. பால் இல்லாம பிளேன்டீ கேளுங்க, விலை கம்மி, அந்த வெயிலுக்கு அதுதான் நல்லாவும் இருக்கும்.

நெடுந்தீவுல ஒரு ராத்திரி கண்டிப்பா தங்குங்க, ஆனா காசு குடுத்து, முன்னாடியே சொல்லி வெச்சு. பகல்ல வந்துட்டு ஓடறவங்க கோட்டையும் பெருக்கமரமும் (பாவோபாப் மரம்) பாத்துட்டு போயிடுவாங்க. சாயங்கால வெயில் சாயும்போது சாந்தே இல்லாம பவளக்கல்லை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின வேலி இருக்கே, அந்த ஓட்டை வழியா வெளிச்சம் வந்து தெரு முழுக்க புள்ளி புள்ளியா விழும், அதுல நடந்து பாருங்க. அப்புறம் மன்னார். பூநகரி வழியா போற பஸ்ஸை கேட்டு ஏறுங்க, சங்குப்பிட்டிப் பாலத்துல கடல்நீரேரியைத் தாண்டிப் போகும். மன்னார் டவுன்ல நடு ரோட்டுல கழுதைங்க நிக்கும், தலைமன்னார்ல பழைய இறங்குதுறை. மிச்ச நாளுக்கு மட்டக்களப்பு. அதைப் பத்தி தனியா எழுதறேன், ஒரு பத்தில அடங்காது.

இன்னொண்ணு. நெடுந்தீவுல இருந்து வர்ற அந்தக் கடல்லதான் 1985 மே 15ல குமுதினிப் படகுல வந்த சனங்களை, குழந்தைங்களையும் சேத்து, வெட்டிக் கொன்னாங்க. உங்க பக்கத்துல உக்காந்திருக்கறவங்க வீட்ல யாராவது அதுல போயிருக்கலாம். போரைப் பத்தி நீங்களா எதுவும் கேக்காதீங்க. அவங்களா கதைச்சா கேளுங்க, கேமராவை உள்ள வெச்சுட்டு கேளுங்க. நமக்கும் தமிழ்தானேன்னு உரிமை எடுத்துக்கற இடம் அது இல்ல.

அப்படியும் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டா போங்க, மறுக்காதீங்க, மனசு வருத்தப்படுவாங்க. பழமோ பிஸ்கட்டோ கைல எடுத்துட்டுப் போங்க, சாப்பிடுங்க, நல்லா கதைங்க, ராத்திரி உங்க ரூமுக்கு வந்துடுங்க. தீவுல குளிக்கறதா இருந்தா அரை வாளி.

எந்த மாசம் போறீங்கன்னு எழுதவே இல்லையே? அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்னா வடக்கு, கிழக்கு ரெண்டுலயும் மழை பிடிச்சுக்கும், சில நாள் படகும் ஓடாது, கைல ரெண்டு நாள் கூட வெச்சுக்கணும். மாசத்தை சொல்லுங்க, மட்டக்களப்பு கட்டுரையை அதுக்கு முன்னாடி போட்டுடறேன்.