டபுள் பேஸை நம்பி வாழ முடியுமா?

கேள்வி: எனக்கு 20 வயது. சிறு வயதிலிருந்து வயலின் வாசித்தேன். 17 வயதில், கல்லூரி ஆர்கெஸ்ட்ராவில் ஆள் இல்லை என்று டபுள் பேஸைக் (வயலின் போன்ற வடிவில் ஆளுயரம் நிற்கும், மிகத் தாழ்ந்த ஒலி தரும் வாத்தியம்) கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வயலினைத் தொட மனமே வரவில்லை. இதையே தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசை. ஆனால் நான் குள்ளம், கையும் சின்னது. “ரொம்ப லேட், உடம்பும் பத்தாது” என்கிறார்கள். அப்பாவின் கேள்வி வேறு: “பின்வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருப்பவருக்கு யார் சம்பளம் தருவார்கள்?” ஆர்கெஸ்ட்ராவில் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா? நல்ல வாத்தியம் வாங்கக் கடன் எடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தாமதம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். வயலினையும் பியானோவையும் சின்னஞ்சிறு வயதிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பார்கள். டபுள் பேஸுக்கு அந்தக் கணக்கு செல்லாது. இந்த வாத்தியத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் பலர் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள், அதுவும் தற்செயலாக வந்தவர்கள். ஜியோவானி பொட்டெசினி 1835-இல் மிலான் இசைக்கல்லூரியில் சேரப் போனபோது உதவித்தொகையோடு மிச்சமிருந்தவை பசூன் என்ற ஊதுகுழல், டபுள் பேஸ் இரண்டும்தான். வயலின் படித்திருந்த அந்தப் பையன் பேஸை எடுத்தான். பின்னாளில் ஐரோப்பாவெங்கும் தனிக்கச்சேரி செய்தார். 1871-இல் கெய்ரோவில் வெர்டியின் ‘ஐடா’ ஓபரா அரங்கேறியபோது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியதும் அவர்தான். பிற்காலத்தில் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநராகப் புகழ்பெற்ற செர்கேய் குசெவிட்ஸ்கி, மாஸ்கோவில் படிக்கக் கையில் காசில்லாமல், உதவித்தொகை கிடைக்கிற வாத்தியம் என்பதால் பேஸை எடுத்தவர். ஜாஸ் பேஸ் கலைஞர் ரான் கார்ட்டர் செல்லோவிலிருந்து வந்தார். சி-சி நுவானோகு 18 வயது வரை ஓட்டப்பந்தய வீராங்கனை. முழங்காலில் அடிபட்ட பிறகுதான் பேஸைத் தொட்டார். பிறகு லண்டனில் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவின் முதன்மை பேஸ் கலைஞராகப் பல்லாண்டுகள் இருந்து, 2015-இல் ‘சினேகே’ என்ற ஆர்கெஸ்ட்ராவையே தொடங்கினார். 17 வயதில், அதுவும் வயலினில் பழகிய காதோடும் வில் பிடித்த கையோடும் வந்த நீங்கள் தாமதமாக வந்தவர் இல்லை.

உடம்பு விஷயத்தில் உங்களுக்குச் சொல்பவர்கள் முழுத் தவறும் இல்லை, முழுச் சரியும் இல்லை. அட்லாண்டா சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்த ஜேன் லிட்டில் ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். 1945-இல் 16 வயதில் சேர்ந்தவர் 2016 வரை வாசித்தார். 71 ஆண்டுகள்! உயரம் ஒரு தடை என்றால் அவர் முதல் வருடத்திலேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் மதிக்க வேண்டும். வயலினில் தந்தியின் தொடக்கத்தில் அரைச் சுரத்துக்கு விரல் நகர வேண்டிய தூரம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. பேஸில் அது ஏறக்குறைய ஆறு. வயலின் பழக்கத்தில் விரல்களை அகட்டிப் பிடித்தால் ஒரு வருடத்தில் கட்டைவிரலும் முன்கையும் வலிக்கத் தொடங்கும். அதனால்தான் ஃப்ரான்ஸ் சிமாண்டல் என்ற பேஸ் ஆசிரியர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த முறையில், கீழ்ப்பகுதியில் மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்தே அழுத்துகின்றன. கையை அகட்டாமல் முழுக் கையையும் நகர்த்துவது அந்த முறை. சின்னக் கைக்கு அதுதான் காப்பு. தோள்பட்டை சரிந்த வடிவமுள்ள வாத்தியத்தைத் தேடுங்கள், தந்தியின் உயரத்தைக் குறைத்து அமைக்கச் சொல்லுங்கள், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தும் வாசித்துப் பாருங்கள். தந்தியை விரலால் நசுக்காமல் தோளிலிருந்து வரும் கையின் எடையால் அழுத்தப் பழகினால் உங்கள் உடம்பு இதற்குப் போதும். வலித்தால் மட்டும் பொறுத்துக்கொண்டு வாசிக்கவே கூடாது. வலியோடு சாதகம் செய்வதைத் தவம் என்று நினைக்கும் ஆசிரியரிடமிருந்து விலகிவிடுங்கள்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்டதில் தப்பில்லை. அரங்கில் உட்கார்ந்து கேட்பவர் பேஸைத் தனியாகக் கேட்பதில்லை. அவர் கேட்பது மற்ற எல்லாரும் சுருதியோடு இருப்பதை. பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியில் வரும் சுரம் நொடிக்கு 41 அதிர்வு. மேலே இருக்கும் வயலின்களும் குழல்களும் அதன் மேல்தான் தங்கள் சுரத்தை அமர்த்துகின்றன. பேஸ் கொஞ்சம் பிசகினால் மேலே யாருமே சரியாக இருக்க முடியாது. ஒரு கண் சிமிட்டும் நேரம் பிந்தினால் மேடையே இழுபடும். ஜாஸில் இது இன்னும் வெளிப்படை: டிரம்ஸ் கலைஞர் சற்று நிறுத்தினாலும் பாட்டு நகரும், பேஸ் தள்ளாடினால் நகராது. சம்பளம் இதற்குத்தான்.

இதிலேயே உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, நீங்கள் கேட்ட எல்லாவற்றையும்விட எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. யாரும் உங்களைத் தனியாகக் கவனிக்காத ஒரு நல்ல கச்சேரி முடிந்து இறங்கும்போது உங்களுக்கு நிறைவாக இருக்கிறதா? நியூயார்க் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவில் 1966-இல் முழுநேர உறுப்பினராகச் சேர்ந்தவர் ஆரின் ஓ’பிரையன். அவரும் டபுள் பேஸ்தான். 2021-இல் ஓய்வு பெறும்வரை, மேடையின் நடுவில் நிற்பதைவிட மற்றவர்களைத் தாங்கி நிற்பதையே விரும்பியவர் அவர். அந்தக் குணம் உங்களிடம் இருந்தால் இந்தத் தொழிலின் கஷ்டமான மாதங்களைக்கூடத் தாண்டிவிடுவீர்கள். கைதட்டல் தேவைப்படுகிறது என்றால் அதிலும் குற்றமில்லை. ஆனால் பேஸை மட்டுமே வைத்துத் தனிக்கலைஞராக வாழ்பவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். தனிக்கச்சேரிகளால் பெயர் பெற்ற கேரி கார் (Gary Karr) போன்ற ஒருவர் வருவது அபூர்வம்.

நிரந்தர இடம் ஏன் கடினம் என்பதை ஜேன் லிட்டிலின் 71 வருடமும் ஓ’பிரையனின் 55 வருடமும் சொல்லிவிடும். ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிப்பவர்கள் எட்டுப் பேர் போல இருப்பார்கள். அமர்ந்தவர்கள் எழுந்திருப்பதில்லை. யாராவது ஓய்வு பெற்றால் ஒரு இடம் காலியாகும், அதற்குப் பல நாடுகளிலிருந்து ஆள் வருவார்கள். ஆளெடுக்கும் தேர்வான ஆடிஷனின் முதல் சுற்று பெரும்பாலும், வாசிப்பவர் யார் என்று தெரியாதபடி, திரைக்குப் பின்னால். சில நிமிடங்கள்தான். டிட்டர்ஸ்டார்ஃப் அல்லது வான்ஹால் என்ற இசையமைப்பாளர்களின் பேஸ் கான்செர்ட்டோவில் (தனி வாத்தியத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான படைப்பு) ஒரு பகுதி, பிறகு ஆர்கெஸ்ட்ரா பகுதிகள்: பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி, ஒன்பதாவதில் செல்லோவும் பேஸும் பேச்சுப் போல வாசிக்கும் இடம், மொசார்ட்டின் 40-ஆம் சிம்பொனி, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ஐன் ஹெல்டன்லேபன்’. இந்தப் பட்டியல் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை, அதனால் இன்றே தொடங்கலாம். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முதலில் கேட்பது உங்கள் உணர்ச்சியை இல்லை. தாளம் நிற்கிறதா, சுருதி நிற்கிறதா, இந்த ஒலி எங்கள் வரிசையோடு கலக்குமா என்பதைத்தான். போக்குவரத்துச் செலவு பெரும்பாலும் உங்களுடையது. சில சமயம் அத்தனை பேரையும் கேட்டுவிட்டு யாரையும் எடுக்காமல் முடித்துவிடுவார்கள். எடுத்தாலும் ஓரிரு வருடம் சோதனைக்காலம்.

இவ்வளவும் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆடிஷனுக்குப் போவதை இடம் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று மட்டும் அளக்காதீர்கள். கடைசிச் சுற்று வரை வந்து தோற்றவர்களின் பெயரைப் பல ஆர்கெஸ்ட்ராக்கள் குறித்து வைத்துக்கொள்கின்றன. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், பெரிய படைப்புக்குக் கூடுதல் ஆள் தேவை என்றால் அந்தப் பட்டியலிலிருந்துதான் அழைப்பு வரும். நிரந்தர இடம் இல்லாமலே பல வருடம் நல்ல மேடைகளில் வாசித்துக் கௌரவமாக வாழ்பவர்கள் இந்தத் தொழிலில் நிறைய இருக்கிறார்கள். வெளியே அவர்கள் பெயர் தெரியாது, உள்ளே எல்லாருக்கும் தெரியும்.

இந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு வாரம் ஓபராவோ மியூசிக்கலோ நடக்கும் அரங்கில், மேடைக்கு முன்னால் ஆர்கெஸ்ட்ரா உட்காரும் குழியில், அடுத்த வாரம் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் மாற்று ஆளாக, நடுவில் ஒரு ஒலிப்பதிவு, வார இறுதியில் ஜாஸ் குழுவோடு ஒரு திருமண வரவேற்பு, மீதி நாட்களில் மாணவர்கள். ஒன்று வற்றினாலும் மற்றொன்று ஓடும். பேஸின் நல்ல காலம் என்னவென்றால் கிட்டத்தட்ட எல்லா வகை இசைக்கும் அது வேண்டும், வாசிப்பவர்களோ வயலின் அளவுக்கு இல்லை. ஆனால் இந்த வசதி வில்லை மட்டும் நம்பியவருக்குக் கிடைக்காது. விரலால் மீட்டி வாசிப்பதையும், வெறும் ஸ்வரக்கூட்டு (chord) பெயர்களை மட்டும் பார்த்து அந்த இடத்திலேயே ஒரு நடையைக் கட்டுவதையும் இப்போதே படியுங்கள். பேஸ் கிட்டாரும் கையில் இருக்கட்டும், மியூசிக்கல் மேடைகளில் ஒரே ஆள் இரண்டையும் வாசிக்க வேண்டி வரும். ரான் கார்ட்டர் முறையாக மேற்கத்திய செவ்வியல் படித்தவர். கறுப்பினத்தவர் என்பதால் ஆர்கெஸ்ட்ராக் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. அவர் ஜாஸுக்குப் போனார். 2015-இல் கின்னஸ் அவரை மிக அதிகமாக ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஜாஸ் பேஸ் கலைஞர் என்று பதிவு செய்தபோது கணக்கு 2,221 பதிவுகள். அவருக்கு நடந்தது அநியாயம், அதை இனிப்பாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இரண்டு உலகத்தையும் படித்திருந்தது அவரைக் காப்பாற்றியது.

அழைப்பு யாருக்கு மீண்டும் வருகிறது? மிகத் திறமையான ஆளுக்குத்தான் என்று நினைக்காதீர்கள். ஒத்திகைக்கு முன்னாடியே வந்து சுருதி சேர்த்து முடித்தவருக்கு, பென்சில் வைத்திருப்பவருக்கு, வரிசையை வழிநடத்துபவர் இருக்கும் முதல் மேசையில் வில் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம் தன் வில்லையும் கொண்டுபோகிறவருக்கு, வரிசையை மீறிச் சத்தம் போடாதவருக்கு. குறிப்பைப் பார்த்த கணத்தில் வாசிக்கத் தெரிந்தவருக்கு. இன்னொன்று, கூடுதல் பணம் தரும் வேலை வந்தது என்று ஒப்புக்கொண்ட வேலையைக் கைவிடாதவருக்கு. அப்படி ஒருமுறை செய்தால் அது வருடக்கணக்கில் பேசப்படும். மிகச் சிறிய உலகம் இது.

வருமானம் ஏறி இறங்கும். சீசன் முடிந்த மாதங்களில் தொலைபேசி சத்தமே இருக்காது. மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் சேரும்வரை வேறு எந்தப் பெரிய செலவும் வேண்டாம். கற்றுக்கொடுப்பதைத் தோற்றவர்களின் வேலையாகப் பார்க்காதீர்கள். குழந்தைகளுக்கென்றே கால் அளவு, அதற்கும் சின்ன அளவு பேஸ்கள் இருக்கின்றன, அவற்றைப் பொறுமையாகச் சொல்லித்தர ஆள்தான் குறைவு. குள்ளமான உடம்போடு இந்த வாத்தியத்தை வென்றவரிடம் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது வேறு யாரிடமும் கிடைக்காது. அப்புறம் காதைக் காப்பாற்றுங்கள். பித்தளைக் குழல்களும் டிம்பனி என்ற பெரிய முரசுகளும் பெரும்பாலும் பேஸுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யும் காதடைப்பானை இந்த வயதிலேயே பழக்கிக்கொள்ளுங்கள், முப்பதில் பழகுவது கடினம்.

கடைசியாகக் கடன். இப்போது வேண்டாம். மரத்தைச் செதுக்கிச் செய்த பழைய வாத்தியத்தின் நாதத்துக்கு ஈடில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அதன் விலை சின்ன விலை இல்லை, காற்று வறண்டால் விரிசல் விடும், பழுதுபார்ப்பு தனி, காப்பீடு தனி, ஏற்றிச் செல்ல வண்டி தனி. விமானத்தில் போகவேண்டுமென்றால் ஆளுயரப் பெட்டி, அல்லது கழுத்து கழற்றக்கூடிய பேஸ், அல்லது போகிற இடத்தில் இரவல். மாதத் தவணை தலைக்கு மேல் இருந்தால் வந்த வேலையையெல்லாம் ஒப்புக்கொள்வீர்கள், ஆடிஷனுக்குச் சாதகம் செய்ய நேரமே இருக்காது. படிப்பு முடியும்வரை கல்லூரி வாத்தியத்தையே கேட்டு வாங்குங்கள். அதை ஒரு நல்ல கைவினைஞரிடம் கொண்டுபோய்த் தந்திகளைத் தாங்கும் பாலத்தையும் தந்தி உயரத்தையும் உங்கள் கைக்குத் தகுந்தபடி சரிசெய்யுங்கள், கல்லூரியிடம் சொல்லிவிட்டு. கையில் இருக்கும் பணத்தில் ஒரு நல்ல வில் வாங்குங்கள். ஃப்ரெஞ்சு வில் வயலின் பிடியைப் போல மேலிருந்து பிடிப்பது, உங்களுக்கு உடனே கைக்கு வரும். ஜெர்மன் வில்லைக் கீழிருந்து பிடிக்க வேண்டும், சிலருக்குத் தோள் அதில்தான் தளர்கிறது. இரண்டையும் சில வாரம் இரவல் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், கடையில் பத்து நிமிடம் இழுத்துப் பார்த்து வாங்க வேண்டாம். பெரிய வாத்தியத்தை, ஒரு சீசன் முழுக்க அழைப்புகள் வந்து அதற்கான தவணை எங்கிருந்து வரும் என்று அப்பாவுக்குத் தாளில் எழுதிக் காட்ட முடிகிற அன்று பார்த்துக்கொள்ளலாம்.